காயாத நெற்றி

ஈரம் காயாத எண்ணெய் ஓவியத்தை ஆட்டோவில் எப்படிக் கொண்டுபோவது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நானாகக் கண்டுபிடித்த முறை இது. படத்தின் முகம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். உள்ளங்கைகள் சட்டத்தின் இரண்டு ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும். முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைப் பின்னால் இழுத்து முடிந்துகொள்ள வேண்டும். தலைமுடியையும்.

அன்று காலை தென்காசியிலிருந்து வடகரைக்கு அப்படித்தான் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிடப்பட்டிருந்தது. உள்ளே மங்கலான வெளிச்சத்தில், என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, இசக்கியின் முகம் இருந்தது.

"என்ன பிள்ள, பொறந்தநாள் கேக்கா?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. படம்."

"சாமி படமா?"

"ஆள் படம். நனையக் கூடாது. ஆடவும் கூடாது."

அவர் வேகத்தைக் குறைத்தார். செங்கோட்டை ரோட்டில் கேரளாவுக்குப் போகும் கல் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் அவர் ஆட்டோவை மண்ணில் இறக்கி ஏற்றினார். ஒவ்வொரு முறையும் என் கைகள் படத்தைத் தூக்கிக்கொண்டன.

"இவனுவளுக்கு வழி விட்டே நம்ம ஆயுசு போயிரும் போலிருக்கு" என்றார்.

இசக்கி இறந்து அன்று பதினாறாவது நாள். அவள் இறந்த இடத்தை அப்போதுதான் கடந்துகொண்டிருந்தோம்.

அருவியை ஏன் வரையவில்லை

இந்தத் தொடரில் நான் ஓவியம் கற்ற கதையை எழுதத் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு ஏன் அருவியை வரைவதில்லை?

வரைந்திருக்கிறேன். நான்கு முறை. நான்கும் காலண்டர் மாதிரி வந்தன. வெள்ளையை இழுத்து இழுத்துப் பூசினால் அது அருவி ஆகிவிடுகிறது. யார் பூசினாலும் ஆகிவிடும். அதில் எனக்கு வேலை இல்லை.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். தென்காசியில் ஓர் அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைகிறேன். எதைப் பார்த்தாலும் அது எதன்மேல் நிற்கிறது என்று கண் தேடும். அருவியில் என் கண் போன இடம் பாறை. சீசன் இல்லாத நாட்களில் தண்ணீர் நூலாக இறங்கும்போது, பாறையில் நனைந்த இடமும் நனையாத இடமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் ஒரே கல். ஆனால் நனைந்த இடத்தில்தான் அதன் நிறம் இருக்கிறது. நனையாத இடத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

முதல் வருடம் முழுக்க அந்தக் கருப்பை எப்படிக் கலப்பது என்பதிலேயே போனது. கருப்பு டியூபிலிருந்து பிதுக்கிய கருப்பு, துணியில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கடைசியில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சரிபாதி கலந்தபோது அது வந்தது. வெளிச்சத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் கருப்பு.

நோட்டில் எழுதினேன்: "நனைந்த பாறை. அம்பர் ஒரு பங்கு, நீலம் ஒரு பங்கு. வெள்ளை கூடவே கூடாது."

அந்த வரிக்குக் கீழே அடுத்த மாதம் எழுதியது: "இசக்கி, முடி. இதேதான்."

ஒரு டப்பா டீத்தூள்

இசக்கி எனக்குப் பள்ளித் தோழி. செங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூன்று வயதிலேயே அப்பா இல்லை. அம்மா வடிவு அத்தை. வடகரையில் ஒரு வீடு, பின்னால் பதினோரு தென்னை. அவ்வளவுதான் அவர்கள் குடும்பம்.

அவள் நிறம் நன்றாக வெந்த செங்கல்லின் உட்புறம் மாதிரி இருக்கும். நான் இப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

"ஏட்டி கோமு, என்னைய வரைய எதுக்கு இத்தன டியூப்பு? ஒரு டப்பா டீத்தூள் வாங்கிக் கரைச்சு ஊத்து. மிச்சத்துல காப்பிக்கடை போடலாம்."

"பேசாத. வாய் அசையுது."

"டீத்தூள்ல காப்பிக்கடையா போடுவன்னு கேக்க மாட்டியா நீ? சிரிக்கவாவது செய்யேண்டி."

சிரித்தால் கை ஆடும் என்றேன். "உங்கிட்ட வந்து உக்காந்ததுக்கு சலூன்ல போய் உக்காந்திருக்கலாம், அங்கன டிவியாவது ஓடும்" என்றாள்.

மொட்டை மாடியில் ஒற்றை அறை. மேற்கே பார்த்த ஜன்னல். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் இடது கன்னத்தை ஜன்னலுக்குக் காட்டி உட்காருவாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள்.

முதல் நாள், டர்பன்டைனில் கரைத்த அம்பரில் முகத்தின் எலும்பை மட்டும் நிறுத்தினேன். வீட்டுக்குப் பில்லர் எழுப்புகிற மாதிரி. இரண்டாம் நாள், வெளிச்சம் விழும் பக்கம். மூன்றாம் நாள், நெற்றியும் மூக்கும். ஒவ்வொரு கலவையையும் நிறம் கலக்கும் கத்தியின் நுனியில் எடுத்து அவள் கன்னத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். தெரிந்தால் தப்பு. கலவை கன்னத்தில் கரைந்து காணாமல் போக வேண்டும். அதுதான் என் சோதனை. நோட்டில் உள்ளபடி (சியன்னா செம்பழுப்பு, ஓக்கர் மண் மஞ்சள்):

நெற்றி: பர்ன்ட் சியன்னா மூன்று, யெல்லோ ஓக்கர் இரண்டு, நீலம் அரை, வெள்ளை கால்.
மூக்கு நுனி: மேலே உள்ளதோடு சிவப்பு ஒரு பொட்டு.
கீழ் உதடு: இன்னும் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறாள்.

மூன்றாம் நாள் முடிந்ததும் எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். வழக்கமான கேலி வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "கொஞ்சம் கலராப் போடேண்டி. ரொம்ப வேண்டாம். ஒரு ஷேடு."

"உன் கலர்தான் அது."

"எனக்குத் தெரியாதா என் கலரு? படத்துலயாவது ஒரு ஷேடு கூட இருந்துட்டுப் போறேன்."

முடியாது என்றேன். பாறையைப் பற்றி ஒரு விளக்கமும் கொடுத்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

மலைக்குப் பின்னால்

எங்கள் ஊரில் சூரியன் மறைவதில்லை, மலைக்குப் பின்னால் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வானம் வெளுப்பாகவே இருக்கும். ஆனால் பொருட்களின் மேலிருந்து வெளிச்சத்தை யாரோ உருவி எடுத்துவிடுவார்கள். சாரல் மாதங்களில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அலுவலகத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால், அறைக்கு வந்து தட்டில் நிறம் பிதுக்கும்போதே பாதி போயிருக்கும். தினமும் வெளிச்சம் தீரும் நேரத்தை நோட்டில் குறித்து வைப்பேன்.

நான்காவது முறை இசக்கி வர வேண்டிய நாளில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. அந்த வாரத்தில் கிடைத்த ஒரே நல்ல வெளிச்சம். நாலரை மணி சுமாருக்கு அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

"வெளிச்சம் போயிரும். சீக்கிரம் வா."

அவள் பதில் உடனே வந்தது. "பெர்மிஷன் போட்டுட்டு வாரேன். காப்பி போட்டு வை."

காப்பி போட்டு மூடி வைத்தேன். அவள் வரவில்லை. ஐந்தேகாலுக்கு ஒருமுறை கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. தட்டில் இருந்த நிறத்தையெல்லாம் வழித்துப் போட்டேன். நோட்டை எடுத்து எழுதினேன்: "இசக்கி வரவில்லை. வெளிச்சம் 5.45 வரை. ஒரு நாள் வீண்."

அந்த வரி இன்னும் இருக்கிறது. நான் அடிக்கவில்லை.

கேரளாவில் கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி அது. பாரம் ஏற்றிய லாரி மெதுவாகத்தான் போகும். காலி லாரிதான் வேகமாக வரும். அவள் ஸ்கூட்டியைப் பின்னாலிருந்து இடித்தது. செய்தி எனக்கு வந்தபோது ஆறரை மணி. அவள் கேட்ட காப்பியில் ஆடை படிந்திருந்தது.

வழக்கமாக அவள் வேலை முடிந்து ஐந்தரைக்குக் கிளம்புவாள். அன்று கிளம்பியது நாலே முக்காலுக்கு. இதில் கூட்டிக் கழிக்க ஒன்றும் இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தால் அந்த லாரி அவளுக்கு முன்னாலேயே தென்காசியைத் தாண்டிப் போயிருக்கும்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு வெள்ளைக்காரி

ஐந்தாம் நாள் வடிவு அத்தை என்னை வரச் சொன்னார். போனேன்.

அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் இசக்கியின் போன். திரையில் குறுக்காக ஒரு விரிசல். அத்தை விரலால் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கோமதி, இதுல எது அவ?"

"எல்லாமே அவதான் அத்தை."

"அவ இல்ல. நல்லாப் பாரு. இது யாரோ ஒரு வெள்ளக்காரி."

எனக்குப் புரிந்தது. இசக்கி எடுத்துக்கொண்ட எல்லாப் படத்திலும் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் போட்டிருந்தாள். தோல் மாவு பூசிய மாதிரி இருந்தது. கண் பெரிது, தாடை கூர்மை. தாடையில் அவளுக்கு இருந்த சின்னத் தழும்புகூட ஒரு படத்திலும் இல்லை.

"அவ பெரியப்பா இதுல ஒண்ண எடுத்துக் குடுத்து பஸ் ஸ்டாப்புல கண்ணீர் அஞ்சலித் தட்டி வச்சிருக்காவ. அந்தத் தட்டி அடிக்கிறவன் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி விட்டிருக்கான். ரெண்டு பேரு நின்னு பாத்துட்டு, இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கானுவ. இந்த ஊருலயே பிறந்து இந்த ஊருலயே வளந்த பிள்ளைய யாருன்னு கேக்கானுவ."

அழுதுகொண்டு சொல்லவில்லை. புகார் சொல்லும் குரல்.

"நீ வரைஞ்சிட்டிருந்தியாமே. அது எங்க இருக்கு?"

"வீட்ல இருக்கு அத்தை. பாதிதான் ஆயிருக்கு."

"பாதின்னா, எந்தப் பாதி இருக்கு?"

இவ்வளவு சரியான கேள்வியை எந்த வாத்தியாரும் என்னைக் கேட்டதில்லை. "நெத்தி இருக்கு. மூக்கு, இடது கன்னம் இருக்கு. வலது பக்கம் இல்ல. முடி இல்ல" என்றேன்.

"முடி இல்லாம எப்படி? முடிச்சுக் குடு. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் பதினாறு வேண்டாம்னு அவ பெரியப்பா சொல்லுதாவ. நான் வைக்கப் போறேன். அன்னைக்கு அவ படம் வேணும். அவ படம். இந்த வெள்ளக்காரி வேண்டாம்."

அவர் பேசும்போது போன் திரை அவர் மடியில் எரிந்துகொண்டிருந்தது. படங்களுக்குப் பக்கத்திலேயே மெசேஜ்களும் இருக்கும். என் பெயரைத் தொட்டால் கடைசி இரண்டு வரியும் வரும். அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா? அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. நானே சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சொல்லவில்லை.

"முடிச்சிருதேன் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு பாட்டில் எண்ணெய்

எண்ணெய் ஓவியம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். சிமெண்டு காய்வதில்லை, இறுகுகிறது. எண்ணெய் ஓவியமும் அப்படித்தான். அதில் உள்ள எண்ணெய் காற்றை வாங்கி இறுக வேண்டும். எல்லா எண்ணெயும் இறுகாது. ஆளி விதை எண்ணெய் இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது.

இது படித்துத் தெரிந்துகொண்டது மட்டும் அல்ல. ஆரம்பத்தில் நானே ஒரு கண்ணாடித் துண்டில் ஐந்து எண்ணெயை ஐந்து சொட்டு விட்டு, ஜன்னல் ஓரம் வைத்துத் தினமும் விரலால் தொட்டுப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய்க்கு நேராக: "இரண்டு மாதம். ஈரம். ஓர் எறும்பு செத்துக் கிடக்கிறது."

எட்டாம் நாள் அத்தை பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தார். ஒரு மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி அறைக்குள் வந்து, படம் வைத்திருந்த ஸ்டாண்டின் முன்னால் நின்றார். வலது பக்கம் வெறும் கோடாக இருந்த மகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சின்னப் பாட்டிலை எடுத்து முகர்ந்தார்.

"இது என்ன எண்ணெய்?"

"ஆளி விதை எண்ணெய் அத்தை."

"நாத்தமா இருக்கு. இத யாரு தேய்ப்பா?"

"தேய்க்க இல்ல. கலருல கலக்க."

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வைத்தார். தேங்காய் எண்ணெய். அவர்கள் வீட்டுத் தேங்காயைக் காயப்போட்டுச் செக்கில் ஆட்டியது. இசக்கியின் தலைக்கு அதைத் தவிர வேறு எண்ணெய் வைக்க அத்தை விட்டதில்லை. "அம்மா தலையில ஊத்துத எண்ணெய்ல நாலு வடை சுடலாம்" என்று இசக்கி சொல்லுவாள்.

"எண்ணெயிலதான் வரையுதேன்னு சொன்னேல்ல. இத ஊத்தி வரை."

"அத்தை, அது வந்து..."

"அவளுக்காக ஆட்டினது. பாதி அப்படியே கிடக்கு. நான் இத என்ன செய்ய, சொல்லு. தாளிக்கவா?"

சொல்ல வேண்டியது என் நாக்கில் தயாராக இருந்தது. கண்ணாடித் துண்டுகூட அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனபின் ஆளி விதை எண்ணெயிலேயே வரைந்திருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் முடிவும் செய்தேன். அவர் படி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்த முடிவு.

ஆனால் தூரிகையை எடுத்தபோது முடியவில்லை. அந்த அம்மாளிடம் ஏற்கெனவே ஒன்றை மறைத்திருந்தேன். இரண்டாவதையும் மறைக்க என்னால் ஆகவில்லை. பாட்டிலைத் திறந்தேன். அறை முழுக்க இசக்கி வந்துவிட்டாள்.

ஆளி விதை எண்ணெயோடு சரிபாதி சேர்த்தேன். இது எந்தக் கணக்கிலும் வராத கலவை. இரண்டு சீசன் ஆகிவிட்டது. அந்தப் படம் இன்னும் காயவில்லை. இனியும் காயாது.

ஒரு ஷேடு

அடுத்த ஆறு நாளும் அலுவலகம் போவதற்கு முன்னால் காலை வெளிச்சத்தில் வரைந்தேன். மாலை வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அது தப்பு. ஒரு படத்தை ஒரே வெளிச்சத்தில்தான் வரைய வேண்டும். தெரிந்தே செய்தேன்.

உட்கார ஆள் இல்லை. நாற்காலி இருந்தது. அதில் அவள் விட்டுப்போன ஹேர் கிளிப் ஒன்று கைப்பிடியில் மாட்டியபடி இருந்தது. நோட்டைத் திறந்து வைத்து, பங்கு பங்காகக் கலந்தேன். சமையல் குறிப்பைப் பார்த்து ஒரு மனுஷியைச் செய்வது போல இருந்தது. கத்தி நுனியில் எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கக் கன்னம் இல்லை. சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லாமல் பூசினேன்.

முடிக்கு நனைந்த பாறையின் கருப்பு. தாடையில் தழும்பு. கீழ் உதட்டுக்கு மட்டும் குறிப்பு இல்லை. மூன்று முறை வழித்து நான்காவது முறை கிடைத்தது. கிடைத்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் முழு முகத்துக்கும் மேலே, அதே எண்ணெய்க் கலவையில், தோல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்ட அது தேவை. அப்போது அவள் கேட்டது ஞாபகம் வந்தது. படத்துலயாவது ஒரு ஷேடு கூட இருந்துட்டுப் போறேன்.

வெள்ளையைத் தூரிகையில் எடுத்தேன். கேட்டவள் அவள். முகம் அவளுடையது. என்னிடம் படத்தைக் கேட்டவர் அவள் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

தூரிகையைத் துடைத்துவிட்டேன். உயிரோடு இருந்தபோதும் நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

சட்டம் போடும் கடையில் அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி வேண்டாமா? இறந்தவ படம்னு சொல்லுத" என்றார்.

"ஈரமா இருக்கு அண்ணாச்சி. கண்ணாடி போட்டா ஒட்டிக்கிடும்."

"கண்ணாடி இல்லாம செத்தவங்க படம் நான் போட்டதே இல்ல. பிறகு உன் பாடு."

நான் யோசித்துப் பார்த்தேன். சுவரில் சாய்த்து வைக்கப்போகிற படம். மாலை உரசாமல் இருக்கச் சட்டத்தின் மேல் இரண்டு கொக்கிகளை முன்னால் தள்ளி அடிக்கச் சொன்னேன். விளக்கு இரண்டடி தள்ளி இருக்க வேண்டும். ஜன்னல் திரையைக் கட்டிவைக்க வேண்டும். மூன்றையும் நோட்டில் எழுதினேன். வேறு என்ன? யார் தொடப்போகிறார்கள்?

பதினாறு

ஆட்டோ வடகரையில் நின்றதும் டிரைவர் இறங்கி வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார். படத்தைப் பார்த்தார். பஸ் ஸ்டாப் தட்டியைத் திரும்பிப் பார்த்தார். வாசல்வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

நடு அறையில் சுவரோரமாக ஒரு நாற்காலியில் படத்தை வைத்தோம். விளக்கை நான் தள்ளி வைத்தேன். திரையைக் கட்டினேன். மாலை கொக்கியில் தொங்கியது, முகத்தை உரசவில்லை. ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன்.

வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"பேசுத மாதிரியே இருக்கு."

"ஆனா கருப்பு ஜாஸ்தி. பிள்ள இவ்வளவு கருப்பா?"

"வெயில்ல வச்சு வரைஞ்சிருப்பாளா இருக்கும்."

அவள் பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "ஏம்மா, இம்புட்டு நாள் எடுத்துக்கிட்ட. இன்னும் கொஞ்சம் கலராப் போட்டிருக்கக் கூடாதா? தட்டியில பாரு, எப்படி இருக்கான்னு."

காலையிலிருந்து வடிவு அத்தை படத்தை நேராகப் பார்க்கவே இல்லை. அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். கலவை தப்பாகிவிட்டதா? காலை வெளிச்சம் கெடுத்துவிட்டதா?

சடங்கு முடியும் நேரத்தில் யாரோ சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார்கள்.

இறந்தவர் படத்துக்கு நெற்றியில் பொட்டு வைப்பார்கள். எல்லா வீட்டிலும் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் தாத்தா படத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிறோம். கண்ணாடிமேல் வைத்து, அடுத்த வாரம் துடைத்து, மறுபடி வைப்போம். அதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மூன்று முன்னெச்சரிக்கைகளை எழுதிய என் நோட்டில் அது இல்லை.

"அத்தை" என்றேன். அதற்குள் அவர் மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்து, குனிந்து, இசக்கியின் நெற்றியில் வைத்துவிட்டார்.

விரல் உள்ளே அழுந்தி வழுக்கியது. சந்தனம் ஒட்டவில்லை. புருவத்துக்கு மேலே நெற்றி குழிந்து, ஓர் ஓரமாக ஒதுங்கியது.

அத்தை கையை எடுக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஈரமா இருக்கு" என்றார்.

யாரோ "அய்யய்யோ, படம் போச்சே" என்றார்கள். பெரியப்பா முன்னால் வந்தார். நான் பைக்குள் துணியைத் தேடினேன். "துடைச்சிருங்க அத்தை. நான் சரி பண்ணிருதேன். நெத்தி மட்டும்தான். ஒரு மணி நேரம் போதும்."

அவர் விரல் நுனியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சந்தனத்துக்குக் கீழே சியன்னாவும் ஓக்கரும் நீலமும் கலந்த அந்த நிறம் இருந்தது. பிறகு ஒன்று செய்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. விரலைத் தன் இடது முன்கையில் வைத்து, மணிக்கட்டிலிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தார். சந்தனம் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இழுபட்ட நிறத்தைத் தேடினார். நானும் தேடினேன்.

"தெரியல பாரு" என்றார்.

முன்கையை எனக்கு நேராக நீட்டினார். எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் இருந்தது. நிறம் அவர் தோலுக்குள் போய்விட்டிருந்தது.

பெரியப்பா பின்வாங்கினார். எல்லோரும் மெல்ல முற்றத்துப் பக்கம் நகர்ந்தார்கள். இலை போடும் சத்தம் கேட்டது. அறையில் நாங்கள் இரண்டு பேரும் படமும்.

"சரி பண்ண வேண்டாம்" என்றார் அத்தை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன்ல பாத்தேன்" என்றார்.

பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தேன்.

"வெளிச்சம் போயிரும்னு போட்டிருந்த."

"ஆமா அத்தை."

"அன்னைக்குப் போயிருச்சா?"

"போயிருச்சு."

"எத்தன மணிக்கு?"

நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "அஞ்சே முக்காலுக்கு."

உயிர் போனதாக ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்ன நேரத்தை அவர் மனதில் வைத்திருந்திருப்பார். தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ கூட்டினார். இந்தக் கணக்கை அவர், என்னை வரச் சொன்ன நாளிலிருந்து இந்தப் பதினோரு நாளும், முடிக்க முடியாமல் வைத்திருந்தார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அதில் விடுபட்டிருந்த ஒரு எண் என்னிடம் இருந்தது.

"அப்ப அவ போகும்போது வெளிச்சம் இருந்திருக்கு" என்றார்.

சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு இலை பரிமாறப் போனார். முன்கையை அவர் கழுவவில்லை.